ஜெர்மனிக்குப் போகும் வழியில் கோப்பாய்

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கும்போது என் கழுத்தில் ஒரு கமோட் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் தாழ்வாக உட்காரக் கூடாது. கழிவறை இருக்கையை உயர்த்துவதற்காக அதன் மேல் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் வளையம் அது. ஒரு கையில் மடக்கிய வாக்கர், இன்னொரு கையில் துணிப்பை. வளையத்துக்கு மிச்சமிருந்த இடம் கழுத்துதான்.

சுங்க அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். "தங்கச்சி, உதென்ன சாமான்?"

என்னவென்று சொன்னேன். "ஓம் ஓம், சரி, போங்கோ" என்று அவசரமாக வழிவிட்டார்.

எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் போய்க்கொண்டிருந்த சரோஜினி அம்மாவிடம், அவர் ஏன் 'உது' என்றார் என்று கேட்டேன். எங்கள் ஊரில் இது உண்டு, அது உண்டு. உது கிடையாது.

"என்னட்டை இருக்கிறது இது. அங்கை தூரத்திலை இருக்கிறது அது. உம்மட்டை இருக்கிறது உது. உதுகூடத் தெரியாமல் நீர் என்ன தமிழ் படிச்சனீர்?" என்றார் அவர்.

நான் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில், எலும்பு வார்டில் நர்ஸ். சரோஜினி அம்மா என் நோயாளி. அறுபதைத் தாண்டியவர். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கணவர் இறந்த பிறகு சொந்த ஊரான கோப்பாய்க்கே திரும்பிவிட்டவர். இடுப்பு அறுவை சிகிச்சையை ஏன் ஜெர்மனியிலேயே செய்துகொள்ளவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "மயக்கம் தெளிஞ்சு எழும்பேக்கை நான் தமிழிலை முனகினா அங்கை ஆருக்கு விளங்கும்?" என்று திருப்பிக் கேட்டார். விமான இருக்கை தாழ்வு என்பதால் கப்பலில்தான் ஊர் திரும்புவேன் என்றார். கூட வந்து பத்து நாள் வீட்டில் தங்க ஒரு நர்ஸ் வேண்டும் என்றும் கேட்டார்.

யார் போகிறீர்கள் என்று வார்டில் கேட்டார்கள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். காரணம் ஜெர்மன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு வேலைவாய்ப்பு நிறுவனத்தார் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, சமோசாவும் டீயும் கொடுத்து, பனி பெய்யும் ஊர்களின் படங்களைக் காட்டினார்கள். ஜெர்மனியில் நர்ஸ் வேலை, மொழித் தேர்வு மட்டும் தேறினால் போதும். பாதி வார்டு கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். என் கணவர் சேகருக்கு அரியமங்கலத்தில் லேத்துப் பட்டறை. அன்று இரவு அவர் எங்கள் மகள் இனியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஊர்வலம் போனார். முதல் இரண்டு கட்டத் தேர்வுகள் சுலபமாக முடிந்தன. வேலைக்கு வேண்டிய தேர்வில் இரண்டு முறை தோற்றேன். இரண்டாவது முறை முதல் முறையைவிட மோசம்.

அதற்குப் பிறகு என்னவோ ஆகிவிட்டது. தினமும் புத்தகத்தைத் திறப்பேன். கண் வரிகளின் மேல் போகும். பக்கம் முடியும்போது என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவது முறைக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது, தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. முப்பது வருடம் ஜெர்மன் பேசிய ஒருவருடன் பத்து நாள் இருந்தால் விட்டது பிடிபடும் என்று கணக்குப் போட்டேன்.

கப்பலில் கரை மறைந்ததும் ஆரம்பித்தேன். "அம்மா, இனிமே நாம ஜெர்மன்லயே பேசலாமா?"

"முதல்லை, அம்மா எண்டு கூப்பிடாதையும். வயசு போன மாதிரிக் கிடக்கு. அக்கா எண்டு சொல்லும். ரெண்டாவது, நான் இனி ஜேர்மன் கதைக்கிறேல்லை. முப்பது வருசம் கதைச்சாச்சு. எனக்கு என்ரை பாஷை காணும்."

'காணும்' என்றால் போதும் என்று எனக்குத் தெரியாது. மொழி காணாமல் போய்விட்டது என்கிறாரோ என்று நினைத்து, ஆறுதலாக அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறைமுகத்துக்கு வெளியே அக்காவின் தம்பி தவராசா வேனோடு நின்றார். ஐம்பதுகளில் இருப்பவர், வெங்காயமும் மரவள்ளியும் பயிரிடுகிறவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்காவை முன் சீட்டில் ஏற்றுவதற்குள் எங்கள் மூவருக்கும் சண்டை வந்துவிட்டது. முதலில் வெளியே பார்த்தபடி சீட்டில் உட்காரணும், பிறகு காலை உள்ளே திருப்பணும் என்றேன் நான். "நான் ஆயிரம் கிழடுகளைக் காருக்குள்ளை ஏத்தினனான், எனக்குச் சொல்லித் தராதையும்" என்றார் அக்கா. தவராசா அண்ணன் சீட்டின் மேல் மூன்று தலையணைகளை அடுக்கி, அக்காவின் தலை கூரையில் முட்டும்படி செய்துவிட்டு, "இப்ப எப்பிடி, வசதியோ?" என்று கேட்டார்.

காவிரிப் பக்கத்து ஆளுக்கு அந்த மண்ணின் சிவப்பு ஆச்சரியம். ஆறே இல்லாத ஊரில் இவ்வளவு பச்சை எப்படி என்று கேட்டேன். "எல்லாம் கிணறு" என்றார் அண்ணன். வீடுகளும் ஆச்சரியம்தான். பளிங்குத் தூண், மாடி, வெளிநாட்டுக் கதவு, அதில் ஒரு பெரிய பூட்டு. யாருடையவை என்று கேட்டேன்.

"உது கனடா வீடு. உது லண்டன். உந்தப் பச்சை மதில் பிரான்ஸ். எங்கடை வீடு ஜேர்மனி வீடு."

"எல்லாரும் வருவாங்களா?"

"திருவிழாவுக்கு வருவினம். வந்து பூட்டைத் திறந்து, தூசு தட்டி, திரும்பப் பூட்டிப்போட்டுப் போவினம்."

முதல் இரவு சாப்பாடு புட்டும் மீன் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும். சமைத்தது அண்ணன். எங்கள் ஊர்ப் புட்டு சர்க்கரையோடு வரும், குழந்தைகளுக்கானது. இது பெரியவர்களின் புட்டு. காரம் காதுவரை ஏறியது. இன்னும் வைக்கட்டுமா என்ற அண்ணனிடம், புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தையைப் பெருமையாகச் சொன்னேன். "காணும்!" அவர் அதைக் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி வைத்தார். அந்த விஷயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை.

மறுநாள் காலையிலிருந்து பயிற்சி. அக்காவைப் போல மோசமான நோயாளியை நான் பார்த்ததில்லை. பத்து முறை காலைத் தூக்கச் சொன்னால் ஆறு முறை தூக்கிவிட்டு "பத்து" என்பார். அவரே முப்பது வருடம் பிறரை எழுப்பி நடக்கவைத்தவர் ஆகையால் எல்லாத் தந்திரமும் அத்துப்படி. தலை சுற்றுகிறது என்பார். கோயில் மணி கேட்கிறது, கும்பிட வேண்டும் என்பார். நானும் விடவில்லை. நான்காம் நாள் வாக்கரோடு வாசல்வரை போனார். அங்கே நின்று ரோட்டில் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வந்திட்டன்!" என்றார்.

ஜெர்மன்தான் பேசமாட்டேன் என்றாரே தவிர, ஜெர்மனியைப் பற்றிக் கேட்டால் அலுக்காமல் பேசினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே கிழவர்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள்? பனியில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது? இறந்துபோனால் பிள்ளைகள் வருவார்களா? ராத்திரி டியூட்டியில் பயமாக இருக்குமா? ஒரு கிழவி தினமும் தன் அம்மா வருவாள் என்று பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், அக்கா தினமும் அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்குவாராம். "மனுசி பெட்டி கட்டினா, நான் அவிழ்ப்பன். அது அவவின்ரை வேலை, இது என்ரை வேலை." அதைச் சொல்லும்போது அவருக்குத் துக்கமில்லை. வேலையை நன்றாகச் செய்த ஒருவரின் குரல்தான் இருந்தது.

என் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. ராத்திரி சேகர் போனில் "படிச்சியா?" என்பார். "இல்ல" என்பேன். "சரி, புது ஊரு, நாளைக்குப் படி" என்பார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அவர் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊரே மாஸ்டர் என்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். இன்னும் படுக்கையில் இருக்கிறார்.

"மிஸி, ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?" இங்கே நர்ஸை மிஸி என்கிறார்கள்.

போனேன். சுத்தமான அறை, வெளுத்த போர்வை, தலைமாட்டில் வானொலி. மெலிந்த உயரமான மனிதர். காலைத் தொட்டுப் பார்த்தேன். தசை வற்றியிருந்தது, முழங்கால் இறுகியிருந்தது. ஆனால் விரல்களை மடக்கச் சொன்னபோது வேகமாக மடக்கினார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது.

"ஆஸ்பத்திரியிலை நடக்கச் சொல்லித்தான் விட்டவை," என்றார் அவர் மனைவி. "நான்தான் பயத்திலை விடேல்லை. திரும்பவும் விழுந்தா நான் தனிய என்ன செய்யிறது? பிள்ளையள் கனடாவிலை."

நான் டாக்டர் இல்லை. டாக்டரைக் கேட்காமல் நடக்கவைக்கமாட்டேன் என்றேன். அடுத்த நாள் நானும் அந்த அம்மாவும் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, முன்பக்கத்தைத் திறந்து, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். திருச்சியில் என்றால் இதற்குள் நடத்துநரிடம் காசைத் திருப்பிக் கேட்டு ஒரு கூட்டம் கூடியிருக்கும். இங்கே பின் சீட்டில் ஒருவர் கச்சான் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். கச்சான் என்றால் வேர்க்கடலை. முன்னால் இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"இந்தியாப் பிள்ளை போலை கிடக்கு."

"ஓம். சரோஜினியோடை வந்த மிஸி. மாஸ்டரை எழுப்பப் போறாவாம்."

"எழும்புவாரோ?"

"ஆருக்குத் தெரியும்."

எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. பஸ் கிளம்பும்வரை மாஸ்டரின் காலைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் கட்டிலோரம் உட்காரவைக்க வேண்டும், தலை சுற்றும், இரண்டு நாள் அது போதும், பிறகு முழங்கால். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் எல்லாம் வரிசையாக மனதில் நின்றது. இப்படி ஒரு விஷயம் என் தலையில் தங்கி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தாராளமாக நடக்கலாம், மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார். அந்தக் காலில் எந்த அளவுக்கு உடல் எடையைத் தாங்கவைக்கலாம் என்பதைப் பொறுமையாகச் சொன்னார்.

அன்று மாலை மாஸ்டரைக் கட்டிலோரம் உட்காரவைத்தேன். வியர்த்து வழிந்தார். "உங்களுக்கு எங்கே நடந்து போகணும்?" என்று கேட்டேன். வார்டில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கோயிலுக்கு, கடைக்கு, பேத்தி கல்யாணத்துக்கு என்பார்கள்.

அவர் யோசிக்கவே இல்லை. "கிணத்தடிக்கு. எட்டு மாசமா ஈரத் துணியாலை துடைக்கினம். எனக்குக் கிணத்தடியிலை நிண்டு ஒரு வாளி தண்ணி ஊத்தவேணும்."

"நிண்டு வேண்டாம், இருந்து குளிங்கோ" என்றார் மனைவி. அது எட்டு மாதங்களில் அந்த அம்மா விட்டுக்கொடுத்த முதல் விஷயம் என்று பிறகு தெரிந்தது.

அதன் பிறகு காலையில் அக்கா, பிற்பகலில் மாஸ்டர் என்று ஆனது. மாஸ்டர் பிடிவாதக்காரர், ஆனால் ஒழுங்கானவர். பத்து என்றால் பத்து. இரண்டாம் நாள் எழுந்து நின்றார். அடுத்த நாள் அக்காவின் வாக்கரைக் கடன் வாங்கி அறைக்குள் நடந்தார். "என்ரை வாக்கர் என்னட்டை எப்ப வரும்?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அக்கா சத்தம் போட்டார். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். கால் வலித்தது, பசி நன்றாக எடுத்தது. காலையில் பாணும் தேங்காய்ச் சம்பலும், மதியம் சோறு, நடுவில் அண்ணன் கொடுக்கிற, பால் இல்லாத பிளேன் டீ. இங்கே பிரெட்டுக்குப் பாண் என்று பெயர்.

ஒன்பதாம் நாள் மாலை, அக்காவின் காலுக்கு எண்ணெய் தடவாமல் வெறும் கையால் நீவிவிட்டுக்கொண்டே வழக்கம்போல் கேட்டேன். அங்கே நர்ஸாகப் போகிறவர்களை முதலில் என்ன வேலைக்கு விடுவார்கள்?

"படிப்பைச் சரிபார்க்கும் வரைக்கும் துடைக்கிறது, குளிப்பாட்டுறது, தீத்திவிடுறது. பேந்து ஊசி மருந்து. நல்ல வேலைதான். பழகினாச் செய்யலாம்." தீத்துவது என்றால் ஊட்டுவது, பேந்து என்றால் பிறகு.

"குளிர் காலத்துல வேலைக்கு எப்படிப் போவீங்க? இருட்டா இருக்குமாமே?"

அக்கா காலை இழுத்துக்கொண்டார். "பிள்ளை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. உமக்கு ஜேர்மனிக்குப் போக விருப்பமோ? இல்லாட்டி ஜேர்மனியைப் பற்றிக் கேக்கத்தான் விருப்பமோ?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க?"

"ஒன்பது நாளாக் கேக்கிறீர். அந்தக் கிழவி என்னத்தைச் சாப்பிட்டவ, இந்தக் கிழவன் எப்பிடிச் செத்தவன் எண்டு. நீர் போனா எங்கை இருப்பீர், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்திலை விடுவீர், ஒரு கேள்வி கேக்கேல்லை. போற ஆக்கள் உதைத்தான் முதல் கேப்பினம். நானும் அப்பிடித்தான் கேட்டனான்."

எனக்குக் கோபம் வந்தது. கோபிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. போர்வையை மடித்து வைத்துவிட்டு அறைக்குப் போய், பையிலிருந்து புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் படித்தேன். என்ன படித்தேன் என்று என்னையே கேட்டேன். ஒன்றுமில்லை. மாஸ்டரின் அறையிலிருந்து கிணற்றடிக்குப் போகும் வழியில் ஒரு படி இருக்கிறது, அதில் எந்தக் காலை முதலில் இறக்கவைப்பது என்றுதான் இருந்தது.

வெளியூரில் பத்து நாள் இருந்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும், ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டி, அண்ணன் கொடுத்த ஒடியல் மா, அதாவது பனங்கிழங்கு மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் அடைத்து வைத்தாகிவிட்டது. காலையில் போன் வந்தது. கடல் சரியில்லை, கப்பல் இல்லை. அடுத்தது எப்போது? காற்று குறைய வேண்டும்.

"நல்லதாப் போச்சு. இண்டைக்குக் கூழ்" என்றார் அண்ணன்.

ஒடியல் கூழ் என்பது ஒரு நாள் வேலை. பனங்கிழங்கு மா, நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், மரவள்ளி, புளி, கையில் அகப்பட்டது எல்லாம் பெரிய சட்டியில் கொதிக்கும். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மடித்த பனை ஓலையில் ஊற்றி, சுற்றி உட்கார்ந்து குடித்தோம். மூக்கில் தண்ணீர் வந்தது. எதில் நண்டு, எதில் கிழங்கு என்று தேடித் தேடிக் குடித்தேன். மாஸ்டரின் மனைவி ஒரு சட்டியில் கூழ் வாங்கிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னார்: "கேக்கிறார், கப்பல் இல்லையெண்டா நாளைக்குக் கிணத்தடிக்குப் போகலாமோ எண்டு."

மறுநாள் போனோம். கிணற்றடியை முதல் நாள் மாலையே தேய்த்துக் காயவிட்டிருந்தார்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றை, அதாவது நாற்காலியை, சுவரோடு சேர்த்துப் போட்டேன். மாஸ்டர் வாக்கரோடு அறையிலிருந்து கிளம்பினார். பின்னால் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மனைவி. பக்கத்தில் நான். வேலியோரத்தில் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா. படியில் நின்றோம். அடிபட்ட கால் முதலில் கீழே. அவர் நல்ல காலை முதலில் இறக்கிவிட்டார். வாக்கர் சாய்ந்தது.

"அஹ்டுங்!" என்று வேலியிலிருந்து ஒரு அலறல்.

'பார்த்து' என்பதற்கு ஜெர்மன். நான் யோசிக்கும் முன்பே என் கை மாஸ்டரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. நிலைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. அந்தப் பன்னிரண்டு நாட்களில் அக்கா வாயிலிருந்து நான் கேட்ட ஒரே ஜெர்மன் வார்த்தை அதுதான். அவரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்தார். அண்ணன் அக்காவை வேலியைப் பிடிக்கவைத்துவிட்டுத் தாண்டி வந்து வாளியால் இறைத்துப் பக்கத்தில் வைத்தார். மனைவி ஊற்றப் போனார். "விடப்பா, நான் ஊத்துறன்" என்று மாஸ்டரே வாளியை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். குளிரில் ஒரு சத்தம் போட்டார், பாருங்கள், மரத்திலிருந்த காகங்கள் பறந்தன.

"மெல்ல, மெல்ல, காய்ச்சல் வரப்போகுது" என்று மனைவி திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். "இன்னொரு வாளி" என்றார் மாஸ்டர்.

அன்று மாலை வெங்காயத் தோட்டத்து வரப்பில் நின்று சேகருக்குப் போன் செய்தேன். மாஸ்டர் குளித்ததைச் சொன்னேன். நிறையச் சொன்னேன் போலிருக்கிறது. பிறகு, "நான் பரீட்சை எழுதலைங்க. எனக்கு அங்க போகணும்னு இல்ல. இருந்திருந்தா இந்நேரம் படிச்சிருப்பேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குப் போனவங்களை நடக்கவைக்கிற வேலை செய்யணும்னு தோணுது" என்றேன்.



"சரி, வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த 'சரி, வா' என்னை இரண்டு நாள் வாட்டியது. திட்டம் என் பேரில் இருந்ததே தவிர அது என்னுடையது மட்டும் இல்லையே. தோளில் குழந்தையோடு வீட்டுக்குள் ஊர்வலம் போனது அவர்தான்.

காற்று குறைந்து கப்பல் வந்தது. புறப்படும்போது அக்கா வாக்கரோடு வாசல்வரை வந்து, "அங்கை போனாப் பிறகு எனக்கு ஃபோன் எடுத்து, பத்துத்தரம் தூக்கினனீங்களோ எண்டு கேக்காதையும். நான் பொய்தான் சொல்லுவன்" என்றார். மாஸ்டருக்காக அண்ணன் நகரத்தில் ஒரு புது வாக்கர் வாங்கி வந்திருந்தார். வேன் மாஸ்டர் வீட்டைத் தாண்டும்போது அண்ணன் ஹாரன் அடித்தார். மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து கையை உயர்த்தினார்.

நாகப்பட்டினத்தில் சேகர் இனியாவோடு நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார், டீ வாங்கிக் கொடுத்தார், கடல் எப்படி என்று கேட்டார். பரீட்சை பற்றிப் பேச்சில்லை. திருச்சி பஸ்ஸில் இனியா என் மடியில் தூங்கிப்போனாள். தஞ்சாவூர் நெருங்கும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே அவர் கேட்டார்: "நீ போகலேன்னா, நான் போகலாமா?"

எனக்கு விளங்கவில்லை.

"உன் புத்தகத்தை நான் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ நைட் டியூட்டி போறப்ப. பட்டறைக்கு வர்ற ஆள் ஒருத்தர் சொன்னாரு, லேத்து வேலைக்கும் அங்க ஆள் எடுக்குறாங்களாம். உன் பரீட்சை முடியட்டும்னு சொல்லாம இருந்தேன்."

நான் அவரிடம் ஜெர்மனில், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நான் பன்னிரண்டு வருடமாக இரும்பு கடைகிறேன் என்று ஜெர்மனில் சொன்னார். ஒரு சொல் தப்பு. அடுத்த சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டேன். சேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறார். முதல் தேர்வு எழுதியிருக்கிறார், முடிவு வரவில்லை. அவர் போனால் பிறகு நாங்களும் போவோமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரியாததால்தான் சொல்லவில்லை.

மருத்துவமனையில் வாரம் இரண்டு மதியம் மட்டும், சோதனையாக, வீட்டுக்குப் போன நோயாளிகளைப் பார்த்துவர அனுமதித்திருக்கிறார்கள். இப்போது உறையூரில் ஒரு அம்மாவிடம் போகிறேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. அவருக்குப் போக வேண்டிய இடம் தெருமுனைப் பூக்கடை. கட்டிக் கொண்டுவந்து தருகிற பூ வேண்டாமாம், தானே பார்த்துப் பேரம் பேசி வாங்க வேண்டுமாம். நேற்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் மாடிவரை இறங்கினோம். அங்கே நின்று எட்டிப் பார்த்தார். பூக்காரி தெரிந்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, எத்தனை முழம்?" என்று கத்தினாள்.

"இரு, வர்றேன்" என்றார் அந்த அம்மா.